மாநாடும் கொத்துரொட்டியும்



பொதுச் சுகாதார மாநாடு ஒன்றுக்காக ரொறன்ரோவில் இருந்து இலண்டன் வந்திருந்தேன். பகல் முழுக்க நீரிழிவு பற்றிய பேச்சு. பின்னேரம் ஆனால் என் கால்கள் தன்பாட்டில் ரூட்டிங் பக்கம் போய்விடும். கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் தெருவிலேயே கேட்கும். இடியப்பம், சொதி, சம்பல், மட்டன் ரோல்ஸ் எல்லாம் ஊர் உருசை. நன்றாகவே சாப்பிட்டேன்.

ஆனாலும் மாநாட்டில் கேட்டதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்களைப் போன்ற தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு தொடக்கம் நான்கு மடங்கு அதிகம். இளவயதிலும் வரும், மெலிந்தவருக்கும் வரும். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவு வெள்ளையருக்கு 25 ஆனால்தான் எச்சரிக்கை. எங்களுக்கு 23 இலேயே எச்சரிக்கை.

ஊரில் எங்கள் பெரியவர்கள் சோறும் பிட்டும்தானே சாப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் தோட்டத்தில் நின்றார்கள், சைக்கிள் மிதித்தார்கள். குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் தட்டில் இருந்தன. இங்கே இரண்டு வேலை, இரவு வேலை. பத்து மணிக்கு வந்து வெள்ளைச் சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கிறோம்.

கொத்துரொட்டியை விடச் சொல்லவில்லை. ஒன்றை இரண்டு பேர் பங்கிடுங்கள். வீட்டில் தட்டின் பாதியை மரக்கறிக்கு விடுங்கள். சோறு கால்வாசி போதும். சாப்பிட்டபின் கொஞ்சம் நடவுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள்.

இன்னொன்று, இரத்தப் பரிசோதனை. எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். 42 முதல் 47 வரை என்றால் ஆபத்து நெருங்குகிறது. உணவாலும் நடையாலும் அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நாற்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம். தெற்காசியர் 25 வயதிலிருந்தே தங்கள் ஆபத்தை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டல்.

ஆங்கிலம் வராத அம்மா, அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. குடும்ப வைத்தியரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் காசில்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பிள்ளைக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு வருத்தத்தை மறைக்காதீர்கள். சீனி வருத்தம் குடும்பத்துக்கு அவமானம் இல்லை. கவனிக்காமல் விட்டால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அது பறிக்கும்.

இத்தனை இடர் தாண்டி உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அந்த உயிரைச் சாப்பாட்டு மேசையிலும் காப்பாற்றுவோம்.