ஒற்றும் உற்றுநோக்கலும்



இரவு ஷிப்ட் முடித்து, உறக்கத்தையும் தள்ளிவைத்து வந்திருக்கும் அன்பர்கள் முன்னால் தமிழாசிரியை ஒருத்தி சுரங்கத்தைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சல்தான். ஆயினும் அருகிருந்து கண்டறிதல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் நம்பலாம் என்கிறார். இன்றைய கள ஆய்வாளரும் ஒருவர் சொல்லை மட்டும் கொண்டு முடிவு கட்டுவதில்லை. ஆனால் ஒற்றன் கண்டது அரசனுக்கே உரியது. காணப்பட்டவனுக்கு அதில் பங்கில்லை. என்னை உறுத்துவது இந்த இடம்தான்.

1951-இல் எரிக் டிரிஸ்ட், கென் பாம்போர்த் ஆகிய இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். டிரிஸ்ட், இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்து உளவியலாளர். பாம்போர்த்தோ பல்லாண்டுகள் சுரங்கத்தில் கரி வெட்டியவர். முன்பெல்லாம் தாமே தேர்ந்துகொண்ட கூட்டாளிகள் இருவர் மூவராய்ச் சேர்ந்து வேலை முழுவதையும் செய்தனர். இயந்திரம் வந்தபின், நீண்ட கரிமுகப்பு ஒன்றில் ஏறத்தாழ நாற்பது பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். அறுப்பது ஒரு ஷிப்ட். கன்வேயரைப் பெயர்த்தமைப்பது அடுத்தது. வாரி ஏற்றுவது மூன்றாவது. முன்னவர் விட்ட குறை பின்னவர் தலையில் விழுந்தது. இருவரும் முகம் பார்த்துப் பேச வழியில்லை. பழி சுமத்தலும் வேலைக்கு வாராமையும் பெருகின. மேசையிலிருந்து நோக்கினால் இது சோம்பலாகத் தெரியும். அருகில் நின்றவர்களுக்கோ வேலையைப் பகுத்த முறையின் பிழை தெரிந்தது.

யார்க்ஷயரில் தாம் முன்பு உழைத்த சுரங்கத்திற்குச் சென்ற பாம்போர்த் ஒரு புதுமையைக் கண்டார். யாருக்கு எவ்வேலை, எந்த ஷிப்ட் என்பதைத் தொழிலாளர் குழுக்களே தமக்குள் முடிவு செய்துகொண்டிருந்தன. உற்பத்தி உயர்ந்தது, வாராமை குறைந்தது. மேலிடத்து வாரியமோ இது வெளியில் பரவுவதை விரும்பவில்லை. அதிகாரம் கைமாறுமோ என்னும் அச்சமே காரணம் என்று டிரிஸ்ட் பிற்காலத்தில் எழுதினார். என்னைக் கேட்டால், அந்தச் சுரங்கத்தைப் பற்றிய ஆய்வில் தலையாய கண்டுபிடிப்பு இதுதான். 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் அதே நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் குழுமுறையை முன்மொழிந்தபோது, நெசவாளர்கள் தாமே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். அங்கே நிர்வாகமும் இடம் கொடுத்தது.

1957-இல் நேரு தொடங்கிவைத்த நம் நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம்; அவ்வாய்வை அப்படியே இங்குப் பொருத்துவது பேதைமை. எனினும் வாளிச் சக்கர இயந்திரமும், நிலத்தடி நீரழுத்தம் தணிக்கும் பம்புகளும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் பொழுது இங்கும் உண்டு. எந்த உருளை ஓசை எழுப்புகிறது, எதை இப்போதைக்குத் தொடாமல் விடலாம் என்று அப்போது சொல்லப்படுவதில் எத்துணைப் பங்கு பதிவேட்டில் ஏறுகிறது? அப்பேச்சினூடே எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன?

நம் வட்டத்தில் கவிதை படித்த சுரங்கத் தோழர் எவரேனும் அந்தச் சில நிமிடங்களை நாள்தோறும் குறித்துவைத்தால், அதனை முதலில் உடன் பணிபுரிபவரிடம் படித்துக் காட்ட வேண்டுகிறேன். அவர் திருத்திய பின் என்னிடம் தாருங்கள். ஒற்றுப்பிழைகளை மட்டும் நான் பார்த்துத் தருகிறேன்.