பல்கலைக்கழக ஆய்வு நிதியும் நிர்வாகப் பொறுப்பும்

(பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் நிதி அலுவலர்களுக்குமான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

நம் நாட்டில் அறிவியல் ஆய்வுக்குச் செலவிடப்படும் தொகை போதாது என்பது பல காலமாகப் பேசப்பட்டு வரும் செய்தியாகும். 2020-21ஆம் ஆண்டில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்குமாக நாடு செலவிட்டது சுமார் 1,27,381 கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 0.64 விழுக்காடு. அந்தச் செலவிலும் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 விழுக்காடே. ஆய்வாளர்களை உருவாக்கும் பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகங்களைச் சார்ந்திருக்க, ஆய்வுப் பணத்தில் பதினொன்றில் ஒரு பங்குகூட உயர்கல்வித் துறைக்குச் செல்லவில்லை. ஆய்வுக்கூடங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே எழுப்பி, பல்கலைக்கழகங்களை வறுமையில் விடுவது சரியன்று என மேகநாத் சாகா போன்ற அறிஞர்கள் விடுதலைக்குப் பிந்தைய முதற் பத்தாண்டிலேயே வாதிட்டனர்.

தொகையின் அளவு பற்றிய இந்த நெடிய விவாதத்தில் மற்றொரு கேள்வி மறைந்துபோகிறது. ஒதுக்கப்பட்ட பணம், ஒப்பளிப்பு ஆணை தில்லியிலிருந்து புறப்பட்ட நாள்முதல் ஆய்வுக்கூடத்தின் மேசையை அடையும் வரையில் என்ன ஆகிறது? இங்கு கூடியுள்ள பதிவாளர்களும் நிதி அலுவலர்களும் இதனை அன்றாடம் காண்பவர்கள். பணம் பெரும்பாலும் திருடப்படுவதில்லை, தேங்குகிறது. தேங்குமிடங்களில் சில தில்லியில் உள்ளன. சில பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவிலேயே உள்ளன. இவ்வுரையில் பின்னதைப் பற்றியே அதிகம் கூறவேண்டியுள்ளது.

முதலில் நல்கை வேறு, ஒப்பந்தம் வேறு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நல்கை என்பது ஒரு வினாவுக்கு விடை தேடுவதற்காக அரசோ, அரசு அமைப்போ அளிக்கும் உதவி. விடை கிடைக்காமற்போனாலும் ஆய்வாளர் குற்றவாளி ஆவதில்லை. நேர்மையாகத் தேடினார், விதிப்படி செலவிட்டார் என்று காட்டினாற் போதும். ஒப்பந்தம் அவ்வாறன்று. அதில் ஒரு தரப்பு குறிப்பிட்ட பணியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறது. மறுதரப்பு அதற்கு விலை கொடுக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அங்கே ஆட்சி செலுத்துகிறது. பல பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் ஒரே கோப்பில், ஒரே எழுத்தரால், ஒரே முறையிற் கையாளப்படுகின்றன. நல்கைக்கு உரிய தாமதம் ஒப்பந்தத்தில் புகுந்துவிடுகிறது. ஒப்பந்தத்துக்கு உரிய கெடுபிடி நல்கையில் புகுந்துவிடுகிறது.

நல்கையின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைக்கிறது. முதல் தவணை வருகிறது. இரண்டாம் தவணை வரவேண்டுமாயின் முந்தைய ஆண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் செல்லவேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், தொடர் நல்கைகளைப் பொறுத்தவரை, தற்காலிகச் சான்றிதழின் பேரில் அடுத்த ஆண்டுத் தொகையை விடுவிக்க இடந்தருகின்றன. அத்தொகையில் 75 விழுக்காட்டுக்கு மேல் விடுவிப்பதற்குத்தான் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கு வேண்டும் என்கின்றன. அதாவது, தணிக்கை முடியும்வரை பணி நின்றுவிடலாகாது என்பதே விதியின் நோக்கம். ஆயினும் நடைமுறையில் நிகழ்வது என்ன? திட்டக் கணக்கும் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கும் ஒன்றாகத் தணிக்கைக்குச் செல்லட்டும் என்று நிதிப் பிரிவு காத்திருக்கிறது. தற்காலிகச் சான்றிதழ் அனுப்பலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஏப்ரலில் செல்லவேண்டிய தாள் அக்டோபரில் செல்கிறது. அங்கே ஒரு கூட்டலில் 312 ரூபாய் வேறுபாடு கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

இந்தத் தாமதத்தின் சுமை யார்மீது விழுகிறது என்பதே பொருளியல் நோக்கில் முதன்மையான வினா. துணைவேந்தரின் ஊதியம் நிற்பதில்லை. நிதி அலுவலரின் ஊதியமும் நிற்பதில்லை. திட்டத்தை நடத்தும் பேராசிரியரின் ஊதியமும் வேறு கணக்கிலிருந்து வந்துவிடுகிறது. நிற்பது இளம் ஆய்வாளரின் உதவித்தொகை மட்டுமே. 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே. எனினும் நான்கு மாதம் கைக்கு வராத 37,000 ரூபாயைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் 31,000 ரூபாய் மேல் என்று அந்த இளைஞரைக் கேட்டால் கூறுவார். ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்பவேண்டியவர், வாடகை கொடுக்கவேண்டியவர், தமக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு சான்றிதழுக்காகக் கடன் வாங்குகிறார். ஆய்வைக் கைவிட்டு வேறு வேலைக்குச் செல்வோரும் உண்டு. அவ்வாறு சென்றவருடன் இரண்டாண்டுப் பயிற்சியும் பாதி முடிந்த சோதனையும் போய்விடுகின்றன. எந்த அரசுக் கணக்கிலும் இந்த இழப்பு பற்று எழுதப்படுவதில்லை.

இதனைத் தவிர்க்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் திட்டங்களின்கீழ் 40 இளநிலை ஆய்வாளர்கள் பணியாற்றுவதாகக் கொள்வோம். நான்கு மாத உதவித்தொகைக்கு, வீட்டு வாடகைப்படி நீங்கலாக, 59 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆகும். இத்தொகையைச் சுழல் நிதியாக ஒதுக்கி, தவணை வரும்வரை முன்பணமாகக் கொடுத்து, வந்தபின் ஈடு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கணக்கிட்டாலும் நான்கு மாதத்துக்கு இதன் செலவு ஒன்றரை லட்சத்தை எட்டாது. ஒரு பட்டமளிப்பு விழாவின் பந்தல் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது மார்ச் 31. முற்காலத்தில் நல்கைத் தொகை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கில் வந்து கிடந்தது. ஒருபுறம் அரசு வட்டிக்குக் கடன் வாங்க, மறுபுறம் அரசின் பணம் ஆயிரக்கணக்கான கணக்குகளில் உறங்கிக் கிடந்தது உண்மையே. இதனை மாற்றவே, 2022 ஏப்ரல் முதல் மத்தியத் துறைத் திட்டங்களுக்கு மைய முகமை வழியாகத் தேவைக்கேற்பப் பணம் எடுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. துணை முகமைகளின் கணக்கில் இருப்பு என எதுவும் இராது. வரம்பு மட்டுமே இருக்கும். கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் பயன்படுத்தப்படாத வரம்பு நிதியாண்டின் இறுதியில் காலாவதியாகிவிடும். அரசின் பணநிர்வாகத்துக்கு இது நல்ல சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக் கருவிகளுக்கு நிதியாண்டு தெரியாது. நவம்பரில் ஆணையிட்ட வெளிநாட்டுக் கருவி மே மாதத்தில்தான் துறைமுகத்துக்கு வருகிறது. சனவரியில் நட்ட பயிரின் விளைச்சல் ஏப்ரலில்தான் அளக்கப்படுகிறது. ஆகவே இம்முறையின்கீழ் கொள்முதலைத் திட்டமிடுதல் முன்னிலும் பன்மடங்கு கவனத்தைக் கோருகிறது. ஆணை, கடன் உறுதிக் கடிதம், வருகை, நிறுவுதல் ஆகிய ஒவ்வொன்றும் எந்தக் காலாண்டில் விழும் என்பதை ஒப்பளிப்பு ஆணை வந்த வாரமே எழுதி வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் பிழைத்துக்கொள்கின்றன. பிப்ரவரியில் விழித்துக்கொள்ளும் நிறுவனங்கள் தேவையற்ற கண்ணாடிக் கலங்களையும் அச்சுப்பொறி மைப்பெட்டிகளையும் வாங்கி அடுக்குகின்றன.

கொள்முதல் விதிகளைப் பற்றி ஆய்வாளர்கள் கூறிவந்த குறைகளில் ஒரு பகுதி தீர்ந்துவிட்டது. அரசு மின்சந்தை வழியாகவே வாங்கவேண்டும் என்ற கட்டாயம், பொதுவழக்கில் இல்லாத நுண்கருவிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் பொருந்தாமல் இருந்தது. 2025 சூனில் அறிவியல் துறைகளுக்கும் அவற்றின் நிறுவனங்களுக்கும் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன. விலைப்புள்ளி இன்றி வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழுவின் வழியே வாங்கும் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தன. ஆய்வுக்கருவிகளை மின்சந்தைக்கு வெளியே வாங்க அனுமதிக்கும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் நிறுவன இயக்குநர்களுக்கும் வழங்கப்பட்டது. இனிக் குறைகூறுவதாயின், தில்லியைக் குறைகூறுவதற்கு முன் தம் பல்கலைக்கழகத்தின் உள்விதிகள் எந்த ஆண்டு அச்சிடப்பட்டவை என்று பார்த்துவிடுவது நன்று.

நிறுவனச் செலவுப் பங்கு என்பதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. நல்கையின் ஒரு சிறு பகுதி, பல திட்டங்களில் பத்து விழுக்காட்டை ஒட்டி, நிறுவனத்துக்கென அளிக்கப்படுகிறது. ஆய்வாளர் இதனைத் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட வரியாகக் கருதுகிறார். நிர்வாகம் இதனைத் தனக்குக் கிடைத்த உபரி வருவாயாகக் கருதுகிறது. இரண்டும் சரியன்று. மின்சாரம், நூலகம், கட்டடப் பராமரிப்பு, கழிவு அகற்றுதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றுக்கு ஒரு திட்டம் உண்டாக்கும் உண்மைச் செலவின் ஒரு பகுதியை மட்டுமே அது ஈடு செய்கிறது. எஞ்சியதை யாரோ ஏற்கத்தான் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அது மாநில அரசின் நிதியிலிருந்தோ மாணவர் கட்டணத்திலிருந்தோ செல்கிறது. பேராசிரியரின் ஊதியத்தையும் சேர்த்தால், மத்திய அரசின் ஆய்வுத் திட்டங்களுக்கு மாநிலங்கள் அறிவிக்கப்படாத மானியம் ஒன்றை அளித்து வருகின்றன எனலாம். அப்படியிருக்க, கிடைக்கும் சிறு பங்கையும் பொதுக் கணக்கில் கரைத்துவிட்டால், திட்டக் கணக்கை எழுதுவதற்கு ஓர் ஆள் எப்போதும் கிடைக்கமாட்டார்.

ஒப்பந்தங்களின் பக்கம் வேறு வகையான இடர்கள் உள்ளன. ஒரு மருந்து நிறுவனம் தன் கூட்டுப்பொருளைச் சோதித்துத் தருமாறு வேதியியல் துறையிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில், முடிவுகளை நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்று ஒரு வரி இருக்கும். பேராசிரியர் தொகையைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். பணியைச் செய்பவர் முனைவர் பட்ட மாணவர். அவருடைய ஆய்வேட்டின் மின்படி இன்ஃப்லிப்நெட் களஞ்சியத்தில் பொதுப் பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு; மீறாவிட்டால் மாணவருக்குப் பட்டமில்லை. இத்தகைய சிக்கல் கையொப்பத்துக்கு முன் அரைமணி நேரப் பேச்சில் தீர்வது. வெளியீட்டைத் தடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு வேண்டாம். காப்புரிமை விண்ணப்பம் அளிப்பதற்கு உரிய கால அளவுக்குத் தள்ளிவைக்கும் உரிமை போதும் என்று எழுதிவிட்டால் இரு தரப்பும் ஏற்கும். வெளியிட்டபின் விண்ணப்பித்தால் புதுமை கெட்டுவிடும் என்பதால் காத்திருப்பதில் பல்கலைக்கழகத்துக்கும் நலன் உண்டு.

வரியும் இங்கே குறுக்கிடுகிறது. ஆய்வு நல்கைகளின்மீது சரக்கு மற்றும் சேவை வரி கோரி 2024இல் சில உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவிப்புகள் சென்றபோது பெருங்கலக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கூடிய வரி மன்றத்தின் பரிந்துரைப்படி, அரசு சார்ந்த அமைப்புகளும், வருமானவரிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்கள், ஆய்வுச் சங்கங்களும் நல்கையாகப் பெறும் தொகைக்கு ஆற்றும் ஆய்வுப் பணிக்கு அக்டோபர் 10 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் இவ்விலக்கு நல்கைக்கே உரியது. ஆலோசனைப் பணிக்கும் சோதனைக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு வரி உண்டு. நல்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான காரணம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒரு பேராசிரியர் தாமே கற்றுத் தாமே செய்யவேண்டும் என எதிர்பார்ப்பது, அறுவை மருத்துவரை மருத்துவமனையின் பண்டகசாலைக்கும் பொறுப்பாக்குவது போன்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1973இலேயே தொழில் ஆலோசனைக்கும் நிதியுதவி பெற்ற ஆய்வுக்குமெனத் தனி மையம் அமைத்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 1991இலும், தில்லி தொழில்நுட்பக் கழகம் 1992இலும் தொழில்துறையுடன் உறவாடத் தனி அமைப்புகளை உருவாக்கின. மாநிலப் பல்கலைக்கழகங்களிற் பலவற்றில் இன்றும் இப்பணி, தேர்வுப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் உதவிப் பதிவாளரின் கூடுதல் பொறுப்பாகவே உள்ளது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது. இதில் அரசின் பங்கு 14,000 கோடி. எஞ்சியது பெரும்பாலும் தொழில்துறையிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வரவேண்டியது. அத்தகைய பணம் நிபந்தனைகளுடனேயே வரும். நிபந்தனைகளைப் படித்துப் பேரம் பேசத் தெரிந்த அலுவலகம் இல்லாத பல்கலைக்கழகம் அதில் தன் பங்கைப் பெறுவது கடினம். கணக்கர் ஒருவர், கொள்முதல் அறிந்தவர் ஒருவர், பகுதி நேரமாகவேனும் வழக்குரைஞர் ஒருவர் என மூவரைக்கொண்டு தொடங்கினாற் போதும். நிறுவனச் செலவுப் பங்கு அவர்களுடைய ஊதியத்துக்கே முதலில் செல்லவேண்டும்.

அத்தகைய அலுவலகம் முதல் ஆண்டில் எடுத்துக்கொள்ளத்தக்க பணியொன்று முடிந்துபோன திட்டங்களின் பட்டியல். நல்கையில் வாங்கிய கருவி அரசின் உடைமை. ஒப்பளித்த துறையின் அனுமதியின்றி அதனை விற்கவோ வேறு பணிக்கு மாற்றவோ இயலாது. திட்டம் முடிந்தபின் கருவியைத் தனக்கே மாற்றித் தருமாறு பல்கலைக்கழகம் எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. பேராசிரியர் ஓய்வுபெறுகிறார், பழுதுபார்க்கும் செலவை ஏற்கத் துறைக்கு அதிகாரமில்லை என்று தணிக்கை கூறுகிறது, கருவி உறையிட்டு மூலையில் நிற்கிறது. இருப்புப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் எந்த ஆணையின்கீழ் வாங்கப்பட்டது என்பதைக் குறித்து, துறைவாரியாக மாற்றக் கடிதங்களை அனுப்புவதற்கு ஒருவருக்கு மூன்று மாத வேலை இருக்கும்.