கண்டதைச் சொல்லுவதே சுயமரியாதை
(கோட்டூர்புரம் கூட்டத்தில் சர்க்கார் சிப்பந்திகளுக்குச் சொன்னதன் சாரம்)



இன்று இங்கு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கார் சிப்பந்திகளும் அவர்கள் வீட்டாருமே என்று தெரிகிறது. ஆதலால் உங்களுக்குச் சற்றுக் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயத்தையே பேசலாமென்று நினைக்கிறோம். அதாவது, ஒரு ஆபீசில் நடக்கும் திருட்டை அதே ஆபீசில் சம்பளம் வாங்கும் ஒருவன் கண்ணால் கண்டால், அவன் என்ன செய்யவேண்டும் என்பதேயாகும்.

"வெளியில் சொல்லவேண்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு நாம் மேடையை விட்டு இறங்கிவிடலாம். அது நமக்குச் சுலபம். அதன் பலனை அனுபவிக்க வேண்டியவர்களோ நீங்கள். ஆகவே வெறும் உபதேசமாக அல்லாமல், நடந்த காரியங்களை எதிரில் வைத்துக்கொண்டே பேசுவோம்.

தூரம் போகவேண்டாம். இந்தக் கோட்டூர்புரத்தில் காந்தி மண்டபம் ரோட்டில் பிர்லா கோளரங்கம் இருப்பது உங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அங்கேதான் அறிவியல் நகரம் என்னும் சர்க்கார் ஸ்தாபனமும் இருக்கிறது. 2014-ம் வருஷக் கடைசியில் அதற்குத் துணைத் தலைவராக ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி மாற்றப்பட்டார். அவர்தான் தோழர் உ. சகாயம்.

அவர் 2012-ல் மதுரைக் கலெக்டராயிருந்தார். அந்த ஜில்லாவில் கிரானைட் கல்லைக் கொள்ளையாக வெட்டியதால் சர்க்காருக்கு 16,338 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டு, அவ்வருஷம் மே மாதம் சர்க்காருக்கே எழுதினார். வந்த பதில் என்ன தெரியுமா? அதே மாதத்தில் அவர் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். கல்லை எண்ணியவர் சேலை எண்ணப் போனார்.

ஆனால் தோழர்களே, ஆளை மாற்றினார்களே யொழிய, அவர் எழுதிய எழுத்தை மாற்ற முடியவில்லை. ஆகஸ்டில் அந்தக் கடிதம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. குவாரிகள் சோதனை யிடப்பட்டன, வழக்குகளும் பதிவாயின. 2014 செப்டம்பரில் சென்னை ஐக்கோர்ட்டு அவரையே விசாரணைக்கு நியமித்தது. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அறிவியல் நகரத்து உத்தியோகம் வந்தது. விஞ்ஞானத்தை வளர்க்க ஏற்பட்ட ஒரு ஸ்தாபனத்தை, வேண்டாத அதிகாரியை ஒதுக்கிவைக்கும் இடமென்று ஊரார் பேசும்படி ஆனது அந்த அதிகாரிக்கு அவமானமா, ஆட்சிக்கு அவமானமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விசாரணையின் நடுவில், குவாரியில் நரபலி கொடுத்தார்கள் என்று ஒரு புகாரும் வந்தது. அது மெய்யா பொய்யா என்பது கோர்ட்டு தீர்மானிக்க வேண்டிய காரியம். தோண்டவேண்டிய இடத்தில் தடயம் கலைந்துவிடக் கூடாதென்று அவர் இரவு முழுவதும் இடுகாட்டிலேயே தங்கினார். பேய்க்கும் பயப்படவில்லை, பேயைவிடப் பொல்லாத பணத்துக்கும் பயப்படவில்லை. 2015 நவம்பரில் கோர்ட்டில் கொடுத்த ரிப்போர்ட்டில், நஷ்டம் ஒரு லட்சம் கோடிக்கு மேல் என்று கண்டிருந்தார். 2020-ல் விருப்ப ஓய்வு கேட்டு, 2021 ஜனவரியில் விலகினார்.

இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருக்கும் ஒரு குமாஸ்தாத் தோழருக்கு என்ன தோன்றும்? "கலெக்டரை அறிவியல் நகரத்துக்கு மாற்றினார்கள். என்னை எங்கே மாற்றுவார்கள்? என் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னவாகும்?" என்று தோன்றும். நியாயமான கேள்விதான். இதைக் கேட்பவனைக் கோழை என்று நாம் சொல்லமாட்டோம்.

இன்னும் கடுமையான உதாரணத்தையும் மறைக்க மாட்டோம். சத்யேந்திர துபே என்ற வாலிப இஞ்சினீயர் பீகாரில் தேசிய நெடுஞ்சாலை வேலையில் இருந்தார். ரோட்டு வேலையில் நடந்த மோசடிகளை 2002-ல் பிரதம மந்திரிக்கு எழுதி, தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அக்கடிதமோ பெயரோடு ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசம் கொதித்தது. அதன் பிறகே, 2004-ல், புகார் சொல்லுபவன் பெயரை ரகசியமாக வைக்க மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் செய்தது. 2014-ல் சட்டமும் இயற்றினார்கள். பத்து வருஷம் கழிந்த பின்னும் அச்சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வரவில்லை. திருட்டைக் காட்டுபவனுக்குக் குடை செய்தார்கள். ஆனால் மழையில் விரிக்க மனமில்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? மூடிக்கொள்ள நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் சமாதானங்களைப் பாருங்கள். "உப்பிட்டவரை நினை, ஆபீசைக் காட்டிக் கொடுக்காதே" என்கிறார்கள். சரி, நீங்கள் தின்னும் உப்பு யாருடையது? மேலதிகாரியுடையதா? வரி கொடுக்கும் கூலிக்காரன், தீப்பெட்டி வாங்கும் கிழவி, இவர்களுடைய உப்பல்லவா? அவர்கள் வீட்டில் கன்னம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

"எல்லாம் தலைவிதி, கலிகாலம்" என்பது இன்னொரு சமாதானம். டெண்டரில் எண்ணைத் திருத்தியது விதியா, பேனா பிடித்த கையா? கையென்றால் அந்தக் கையைப் பிடிக்கவும் இன்னொரு கை உண்டு.

இனி, செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். ஆத்திரத்தில் குதிக்காதீர்கள். என்றைக்கு, எந்த இடத்தில், எவ்வளவு தொகை, எந்தக் கோப்பு என்பதைக் கண்ட அன்றே எழுதி வையுங்கள். கண்டதை மாத்திரம் எழுதுங்கள். கேட்டதைக் கண்டதாக எழுதாதீர்கள். சொந்தப் பகையைத் தீர்க்கப் புகாரை உபயோகிப்பவன் அடுத்த உண்மையான புகாரையும் கொன்றுவிடுகிறான்.

மத்திய சர்க்கார் ஆபீஸ், கம்பெனி, தேசிய வங்கி இவைகளில் இருப்பவர்கள், 2004 தீர்மானத்தின்கீழ் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். மூடிய உறையின்மேல் அத்தீர்மானத்தின் கீழான புகார் என்று குறிப்பிட வேண்டும். உங்கள் பெயரும் விலாசமும் உள்ளே கடிதத்தில் இருக்கவேண்டும், உறையின்மேல் இருக்கக்கூடாது. மொட்டைக் கடிதத்துக்கு அங்கு மதிப்பில்லை. மாநில சர்க்கார் சிப்பந்திகளின் காரியம் அத்தீர்மானத்தில் சேராது. அவர்களுக்கு லஞ்ச ஒழிப்பு இலாகா இருக்கிறது. தலைமை ஆபீஸ் பக்கத்தில் ஆலந்தூரில்தான்.

எல்லாவற்றிற்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். சம்பள உயர்வுக்கு மாத்திரம் கூடுகிற சங்கம், உண்மை சொன்ன தோழன் மாற்றப்படும்போது கூடாவிட்டால் அது என்ன சங்கம்? கலெக்டருக்கு ஐக்கோர்ட்டு இருந்தது. குமாஸ்தாவுக்கு நீங்கள்தானே ஐக்கோர்ட்டு?

சிப்பந்திகளல்லாத தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவன் குற்றத்தை வெளியில் சொன்னால், அவன் சொன்னது நிஜமா என்று நாம் கேட்பதில்லை. அவன் என்ன ஜாதி, எந்தக் கட்சி, அவனுக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கிறோம். இந்தக் கேள்வி இருக்கும்வரை திருடனுக்கு வேறு வக்கீல் வேண்டியதில்லை. முதலில் அதை விடுங்கள். அவன் வீட்டுக்குப் போய், "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். கயாவில் அந்த இஞ்சினீயர் ஸ்டேஷனிலிருந்து இரவில் தனியாகத்தான் வீட்டுக்குப் புறப்பட்டார் என்பதை மறவாதீர்கள்.

உங்களில் யாரும் பலியாகவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஆயிரம் பேர் சொல்லத் துணிந்தால் ஒருவனும் பலியாக வேண்டியதில்லை என்றுதான் சொல்லுகிறோம். நாளைக் காலை ஆபீசுக்குப் போய் உங்கள் நாற்காலியில் உட்காரும்போது இதைச் சற்று யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இம்மட்டோடு முடித்துக்கொள்ளுகிறோம்.