கால்சியம் மாத்திரையும் சஹர் நேரமும்

 

நோன்பு மாதத்தில் தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அனைத்தையும் சஹரில் ஒருசேர விழுங்குவோர் நம்மில் பலர். என் தாயாரும் அவ்வாறே செய்துவந்தார். மருந்து உண்டும் தைராய்டு ஏன் கட்டுப்படவில்லை என்று திகைத்தோம். கால்சியம் அம்மருந்தைக் குடலிலேயே பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. இரண்டிற்கும் இடையே 4 மணி நேரமேனும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் விலக்கியே உண்ணவேண்டும்.

எனவே கால்சியத்தை இரவு உணவுடன் கொள்ளுதல் நலம். கார்பனேட் வகை உணவுடன்தான் நன்கு சேரும். அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றிருப்பினும் அதிலுள்ள கால்சியம் 500 மில்லிகிராமே. அதற்குமேல் ஒரே வேளையில் உண்பதால் பெரும்பயனில்லை.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 36,282 பெண்களுள் வைட்டமின் டியுடன் கால்சியம் உண்டோர்க்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு மிகுந்திருந்தது. கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கூறாமல் தொடங்கலாகாது. ஷஅபானிலேயே அட்டைகளைக் காட்டி, நோன்புக்கால வேளைகளைக் குறித்து வாங்கிவிடுங்கள்.