கர்ப்பத்தடை: ஒரு சொல்லும் மணமாகாப் பெண்ணும்



ஒரு சமுதாயம் எதனைப் பேசத் தயங்குகிறது என்பதை அதன் சொற்களே காட்டிவிடும். ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல்லில் குடும்பம் உண்டு, பெண் இல்லை. 1952இல் இந்திய அரசு தொடங்கிய திட்டமும், பின்னர் எழுந்த ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்னும் முழக்கமும் மணமான இணையரையே முன்னிறுத்தின. மணமாகாப் பெண் வாயிலுக்கு வெளியே நின்றாள்.

அதற்கு முன்னரே, 1930இல், ஈரோட்டுப் பெரியார் ‘குடியரசு’ இதழில் ‘கர்ப்பத்தடை’ பற்றி எழுதினார். நாட்டின் வறுமை, குடும்பத்தின் பொருள்நிலை, தாயின் உடல்நலம் எனப் பிறர் காரணம் காட்ட, அவரோ பெண்ணின் விடுதலையையே காரணமாக்கினார். பாவேந்தர் பாரதிதாசனும் அக்கருத்தைப் பாட்டில் ஏற்றினார். அவர்கள் சொல்லில் பெண்ணின் உடல் அவளுக்கே உரியதாயிற்று.

ஆயினும் நாடு அவளை எண்ணவும் மறந்தது. 1992-93, 1998-99 ஆகிய முதல் இரு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளும் மணம் புரிந்த பெண்களை மட்டுமே வினவின. மணமாகாதோர் இடம்பெற்றது 2005-06இல்தான். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை பிழைத்ததைக் காரணமாகக் கூறும் உரிமையை மணமானவளுக்கே வழங்கியது. 2021இன் திருத்தமே அதை எப்பெண்ணுக்கும் உரியதாக்கியது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பிலும் மணமாகாப் பெண்ணை விலக்கலாகாது என 29-9-2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் கதவைத் திறந்தது, தயக்கம் தாழிடுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டுப் பகுதிகளில் தறியிலும் நூற்பாலையிலும் இளம்பெண்கள் உழைக்கின்றனர். தமிழகத்தில் பெரிதும் வழங்கும் முறை, பிள்ளை பெற்றபின் செய்யும் அறுவைச் சிகிச்சை, அது அவர்களுக்குரியதன்று. அவர்களுக்குப் பொருந்துவன ஆணுறையும் மாத்திரையும் போன்றவை. ஆணுறை கருவோடு பால்வினை நோயையும் தடுக்கும். அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக இயலுமோ அவ்வளவு விரைவாக உட்கொள்ளல் வேண்டும். உருவான கருவை அது கலைப்பதில்லை. இச்சிறு செய்தியைக் கேட்டறிய ஒருத்திக்கு நாணம் தடையாயின், அவள் இழப்பது படிப்பு, வேலை, சில வேளை உயிர்.

‘ஒழுக்கம் கெடும்’ என்பார் உளர். அறியாமை ஒழுக்கத்தைக் காத்ததில்லை; அச்சத்தையே வளர்த்தது. பழியோ என்றும் பெண்மேல் மட்டுமே விழுந்தது.

கவிஞர்க்கு இதில் பணி என்ன? மருந்து தருவது மருத்துவர் கடன். கூசாமல் கேட்பதற்குரிய சொல்லைத் தருவது கவிஞர் கடன். பத்தாண்டு கண்ட மன்றம் அச்சொல்லை அவளுக்கு வழங்கட்டும்.