அண்ணன் ஃபீஸ், தம்பி பயணம்

எங்க ஆரணியில படிப்பை விட்டுட்டுத் தறியில உட்கார்ந்தவங்க நிறைய பேர். நம்ம மாவட்டத்துத் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் படிப்பை விட்ட கதை வேற.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல் மாணவர் வேங்கடராமனுக்கு வயசு 16. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூணு தடவை எழுதணும்னு தண்டனை. ரெண்டு தடவை எழுதினார். அப்புறம் நோட்டைத் தள்ளி வெச்சுட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துட்டார். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதுக்குன்னு அண்ணன் கடிஞ்சார். நியாயமான கேள்விதானேன்னு தம்பிக்குப் பட்டுச்சு!

ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிக் கிளம்பினார். "அப்படியே என் காலேஜ் ஃபீஸையும் கட்டிடு"ங்கிற மாதிரி அண்ணன் 5 ரூபாய் எடுத்துக்கச் சொன்னார். அதுல 3 ரூபாய் பயணத்துக்கு. மீதி 2 ரூபாயோட, ஃபீஸ் கட்டலைன்னு ஒரு சீட்டு. கையெழுத்து இல்லை. வீட்டை விட்டு ஓடுறப்பவும் கணக்கு காட்டியிருக்கார், எனக்கு அதுதான் பிடிச்சது. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவும் அண்ணனும் திருவண்ணாமலைக்கே வந்து கூப்பிட்டாங்க. அவர் போகலை.