வருகைப் பதிவேடு



பெங்களூரில் அல்சூரை அடுத்து ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரில் தண்டு என்னும் படைமுகாமை அமைத்தபின், சென்னைப் படையோடு தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்குக் குடியேறின. இன்றும் இத்தெருக்களில் கன்னடத்தோடு தமிழும் ஒலிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் ஒரு நயம் தோன்றுகிறது. வருகை என்பது வந்துசேர்தலைக் குறிக்கும். அலுவலக வருகைப் பதிவேட்டிலோ அதே சொல், ஒருவர் அங்கே இருத்தலைக் குறிக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, ஆண்டவரின் வருகை மூன்று என்று போதித்தார். பெத்லகேமில் பிறந்தது முதலாவது. உலக முடிவில் வருவது இறுதியானது. இவ்விரண்டிற்கும் இடையே, மறைவாக நிகழ்வது மற்றொன்று. முதலாவதைக் கொண்டாடுகிறோம், இறுதியானதை எதிர்நோக்குகிறோம், நடுவில் நிகழ்வதைப் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

நாமும் ஒருமுறை தவறவிட்டோம். ஒரு டிசம்பர் மாலையில், வைக்கோல் பரப்பிக் குடில் அமைப்பதில் ஈடுபட்டிருந்தோம். அடுத்த தெருவிலிருந்து முதிய தாயார் ஒருவர் கடிதமொன்றை ஏந்தி வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு இந்த எழுத்துத் தெரியாது."

"நாளைக்கு வாங்கம்மா" என்று கூறிவிட்டுக் குடிலின் பக்கம் திரும்பினோம்.

மறுநாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் நாமே அவரைத் தேடிச் சென்றோம். அவருடைய உதவித்தொகைக்காக ஒரு சான்றைக் கேட்டு வந்த கடிதம் அது. அதற்குரிய கடைசி நாள் முந்தின தினமே கடந்துவிட்டது! அங்கேயே அமர்ந்து விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொடுத்தோம். ஆயினும், இரண்டு மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. "பரவாயில்லைங்க ஐயா" என்று அவர் நமக்கே ஆறுதல் கூறினார்.

பெத்லகேம் விடுதியில் இடமில்லாமற் போனதை லூக்கா நற்செய்தியில் ஆண்டுதோறும் படித்து, அவ்வூராரைக் குறைகூறி வந்தோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர்; அன்று அவர்களுக்கும் வேலை மிகுதியாக இருந்திருக்கலாம் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

அன்பர்களே, அறியாத எழுத்தில் வந்த கடிதத்துடன் அயலார் வாயிலில் நிற்பது எத்தகையது என்பதைப் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் நன்கறிவோம். அவ்வாறு நம் வாயிலுக்கு வருபவரின் உருவிலே இறைவனைக் கண்டுகொள்வதற்குப் பெரும் தவம் வேண்டுவதில்லை. கைவேலையைச் சற்றே நிறுத்தினாற் போதும்.

இரவு உறங்குமுன், இன்று நம் வாயிலுக்கு வந்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். இறைவனின் வருகைப் பதிவேட்டில் விடுப்பு நாள் இல்லை. விடுப்பு எடுப்பவர் நாமே.